மருத்துவமனை அளவு வேறு, வீட்டு அளவு வேறு
நீரிழிவு உள்நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்

நீரிழிவு உள்ள ஒருவர் காலில் புண்ணுக்காகவோ, நிமோனியாக் காய்ச்சலுக்காகவோ, அறுவை சிகிச்சைக்காகவோ வார்டில் அனுமதிக்கப்பட்டால், அவருடைய குடும்பத்தார் முதல் நாளே எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் 150, 160 என்றுதானே இருந்தது, இங்கே வந்ததும் எப்படி 300 ஆயிற்று?" என்பதே அது. நியாயமான கேள்வி.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று வீடு திரும்பும் நாளில் கேட்கப்பட வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை. "இந்த இன்சுலின் அளவு எத்தனை நாளைக்கு?" என்பதே அக்கேள்வி. இந்த இரு கேள்விகளுக்கும் இடையே உள்ள செய்திகளை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். ஆகவே இது ஏதோ சிலருக்கான பாடம் அன்று. ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் படிக்க நேரும் பாடம்.

நோயுற்ற உடலில் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

உடலுக்கு ஆபத்து நேரும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளச் சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால், குளூக்ககான் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை கல்லீரலில் சேமிக்கப்பட்டிருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டச் செய்கின்றன. இன்சுலின் தன் வேலையைச் செய்ய விடாமலும் தடுக்கின்றன. ஓடித் தப்பவோ எதிர்த்துப் போராடவோ தசைகளுக்கு எரிபொருள் தேவை என்பது உடலின் கணக்கு. ஆனால் நோயாளியோ கட்டிலில் படுத்திருக்கிறார். செலவாகாத சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது.

இதனால்தான் ஒரு வேளை கூட உண்ணாத நோயாளிக்கும் சர்க்கரை 250, 300 என்று ஏறக்கூடும். "அவர் ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்று குடும்பத்தார் வியப்பது உண்மைதான். சர்க்கரை வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வருகிறது.

இதோடு சிகிச்சையும் சேர்ந்துகொள்கிறது. மூச்சிரைப்புக்கும் வேறு பல நோய்களுக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை வெகுவாக உயர்த்தும். குளுக்கோஸ் கலந்த சலைன், குழாய் வழியே செலுத்தப்படும் திரவ உணவு, நடமாட்டம் இன்மை, வலி, உறக்கக் குறைவு ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைச் செலுத்துகிறது. முன்பு நீரிழிவே இல்லாதவர்க்கும் இக்காலத்தில் சர்க்கரை உயர்வது உண்டு. அது நோயின் அழுத்தத்தால் வந்த தற்காலிக உயர்வா, நெடுநாளாக அறியப்படாமல் இருந்த நீரிழிவா என்பதைப் பிரித்தறிய எச்பிஏ1சி என்னும் சோதனை உதவுகிறது. அது கடந்த ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், நீரிழிவு மருத்துவமனைக்கு வருமுன்னரே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆகியோர்க்கு இச்சோதனை சரியான விடை தராது. ஆகவே அனுமதிக்கப்பட்ட உடனேயே, இரத்தம் ஏற்றுமுன், இதை எடுத்துவிட விரும்புகிறோம்.

எங்கள் இலக்கு ஏன் 140 முதல் 180 வரை?

"வெளியே மருத்துவர் 110-இல் வைக்கச் சொன்னார், இங்கே 170 இருந்தும் பேசாமல் இருக்கிறீர்களே" என்று சிலர் வருந்துவதுண்டு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2001-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில், பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை 110-க்கும் கீழே இறுக்கிப் பிடித்தால் உயிரிழப்பு குறைகிறது என்று அது கூறியது. உலகெங்கும் மருத்துவர்கள் அவ்வழியைப் பின்பற்ற முயன்றனர். பிறகு 2009-இல் நைஸ்-சுகர் என்னும் பேராய்வின் முடிவுகள் வெளிவந்தன. தீவிர சிகிச்சையில் இருந்த 6,000-க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். அதன் முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக அமைந்தது. 81 முதல் 108 வரை இறுக்கிப் பிடிக்கப்பட்டவர்களுள் 90 நாள்களில் 27.5 விழுக்காட்டினர் இறந்தனர். 180-க்குள் இருந்தால் போதும் என்று சற்றே தளர விடப்பட்டவர்களுள் 24.9 விழுக்காட்டினர் இறந்தனர். கடுமையான தாழ்சர்க்கரையும் முதல் குழுவிலேயே மிக அதிகமாக நேர்ந்தது.

இவ்வாய்வுக்குப் பின் மருத்துவ உலகம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. தொடர்ந்து 180-க்கு மேல் சென்றால் சிகிச்சையைத் தீவிரப்படுத்துகிறோம். தொடங்கிய பின் பெரும்பாலோர்க்கு 140 முதல் 180 வரை என்பதே இலக்கு. 180-க்கு மேல் நாள்கணக்கில் நிற்கும் சர்க்கரை புண் ஆறுவதைத் தடுக்கும். கிருமித்தொற்றை வளர்க்கும். சிறுநீரை மிகுதியாக வெளியேற்றி உடலை வறளச் செய்யும். 70-க்குக் கீழே இறங்கும் சர்க்கரையோ சில நிமிடங்களில் மூளையைத் தாக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான பாதையில் நோயாளியை அழைத்துச் செல்வதே எங்கள் பணி. ஆதலால் 170 என்று கண்டு நாங்கள் பேசாமல் இருந்தால், அதைக் கவனக்குறைவு என்று கருத வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தி இன்சுலின் போடுவது ஏன்?

நெடுநாள் உண்டுவந்த மாத்திரைகளை வார்டில் நிறுத்துவதைக் கண்டு பலர் கலங்குகின்றனர். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டாலோ, உயிர்வளி குறைந்தாலோ, இரத்த அழுத்தம் வீழ்ந்தாலோ, உடலில் லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயம் எழுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்குச் சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேன், ஆஞ்சியோகிராம் ஆகியவற்றின்போது இதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் சோதனை பார்த்த பின்னரே மீண்டும் தொடங்குகிறோம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள். பட்டினி, வாந்தி, அறுவை சிகிச்சை ஆகிய காலங்களில் இவை கீட்டோன் அமிலநோயை உண்டாக்கக்கூடும். சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே இந்த அமிலநோய் வரக்கூடும் என்பதால், அளவைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நோயாளி உண்டாலும் உண்ணாவிட்டாலும் இவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இவை உடலில் நெடுநேரம் தங்கி, மீண்டும் மீண்டும் சர்க்கரையைத் தாழ்த்தும்.

இன்சுலினையோ வேண்டிய நேரத்தில் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மணிக்கு மணி மாறும் நோய்க்கு அதுவே பொருத்தமான மருந்து. நாள் முழுதும் அடித்தளமாக நிற்கும் நீண்டநேர இன்சுலின் ஒன்று, ஒவ்வொரு வேளை உணவுக்கும் குறுகியநேர இன்சுலின் ஒன்று, இலக்கைத் தாண்டினால் ஒரு சிறு திருத்த அளவு என மூன்று பகுதிகளாக இதைத் தருகிறோம். சர்க்கரை ஏறிய பின் ஊசி போட்டு விரட்டுவதைவிட, ஏறாமல் முன்கூட்டியே தடுப்பது நல்லது.

"ஒருமுறை இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுதும் போட வேண்டும்" என்னும் அச்சம் இன்னும் வீட்டுக்கு வீடு நிலவுகிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்க்கு இன்சுலின் உயிர் மருந்து. அதை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக் கூடாது, பட்டினி கிடக்கும் நாளிலும் அடித்தள இன்சுலின் தேவை. இரண்டாம் வகையினர் பலர் நோய் தணிந்த பின் மாத்திரைக்கே திரும்புகின்றனர். வீடு திரும்பும்போது எதைத் தருவது என்பதை எச்பிஏ1சி அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. அது 7-க்குக் கீழ் இருந்தால் பழைய மருந்தே பெரும்பாலும் போதும். 9-ஐத் தாண்டியிருந்தால் இன்சுலினோடு அனுப்புவதே நன்று.

உணவும் ஊசியும் சேர்ந்தே நடக்க வேண்டும்

வார்டில் நேரும் தாழ்சர்க்கரைக்கு மருந்தைவிட நேரமே பலமுறை காரணமாகிறது. ஊசி போட்டாகிவிட்டது, ஆனால் உணவு வரவில்லை. அல்லது ஊசி போட்டவுடன் நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். அல்லது இரண்டு வாய் உண்டதும் வாந்தி. இவற்றை முதலில் காண்பவர் உடனிருக்கும் உறவினரே. ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இவை:

உணவு வர நேரமாகும் என்று தெரிந்தால், ஊசி போடுமுன் செவிலியரிடம் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் நோயாளி பாதி உணவையே உண்டார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுவரும் எதையும், அது கேழ்வரகுக் கஞ்சியாக இருந்தாலும், செவிலியரிடம் கூறிய பின் கொடுங்கள். சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது என்பது தவறு. மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி எதுவாயினும் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். பழச்சாறும் சத்துமாவுப் பானமும் அவ்வாறே. இளநீரில் சர்க்கரையோடு பொட்டாசியமும் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு அது இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும்.

"சர்க்கரை ஏறிவிடும்" என்று அஞ்சி நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் ஆகியவற்றை அவரவர் சிறுநீரக நிலைக்கேற்ப உணவியல் வல்லுநர் அளவிட்டுத் தருவார்.

விரலில் குத்திச் சோதிக்குமுன் கையைக் கழுவித் துடைக்கச் செய்யுங்கள். பழம் நறுக்கிய விரலில் ஒட்டிய சாறு கூட அளவைப் பொய்யாக உயர்த்தும். அந்தப் பொய்யான அளவுக்கு இன்சுலின் போட்டால் விளைவு மெய்யாகவே இருக்கும்.

தாழ்சர்க்கரை: மூன்று தேக்கரண்டிப் பாடம்

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே இறங்கினால் அது அபாய எல்லை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை முதல் அறிகுறிகள். பின் பேச்சில் குழறல், எரிச்சல், குழப்பம், மயக்கம், வலிப்பு. முதியவர் சிலர்க்கு முதல் அறிகுறிகளே தோன்றாமல் நேராகக் குழப்பம் வந்துவிடும். மாரடைப்புக்குப் பின் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. "அப்பா ஏன் இன்று ஒரு மாதிரியாகப் பேசுகிறார்?" என்று தோன்றினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ அரை தம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். ஏறத்தாழ 15 கிராம் ஆகும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இன்னும் 70-ஐ எட்டவில்லையெனில் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். எட்டிய பின் இட்லியோ ரொட்டியோ பிஸ்கட்டோ உண்ணக் கொடுங்கள். இனிப்பு வகைகளும் சாக்லேட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வாக்லிபோஸ், அகார்போஸ் உண்பவர்க்குக் குளுக்கோஸ் பொடி மட்டுமே பயன்படும். அம்மருந்துகள் சாதாரணச் சர்க்கரை செரிப்பதைத் தடுத்துவிடும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.

ஒன்பதாம் நாள்

இனி நாங்கள் கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

அறுபதைக் கடந்த விவசாயி ஒருவர் கால் வீங்கிச் சீழ்பிடித்து வந்தார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. சீழ் அகற்றி, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, இன்சுலின் அளவைப் படிப்படியாக உயர்த்தினோம். பத்து நாள்களில் சர்க்கரை இலக்குக்குள் வந்தது. காலையில் 24 யூனிட், இரவில் 16 யூனிட் என எழுதி, மகிழ்ச்சியோடு அனுப்பி வைத்தோம். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னோம்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அவருடைய மனைவி எழுப்பியபோது அவர் எழவில்லை. உடல் முழுதும் வியர்வையால் நனைந்திருந்தது. 108 வண்டியில் ஏற்றும்போது சர்க்கரை 34. குளுக்கோஸ் ஏற்றியதும் நினைவு திரும்பியது. ஆனால் நான்கு மணி நேரத்தில் மீண்டும் இறங்கியது. இரண்டு நாள்கள் இடைவிடாமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் பிழைத்தார். நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

நடந்தது என்ன? முதலாவது, தொற்று ஆறிவிட்டது. தொற்று இருந்தபோது தேவைப்பட்ட இன்சுலின், தொற்று தணிந்த உடலுக்கு மிகையாயிற்று. இரண்டாவது, வீட்டில் பழைய மாத்திரைப் பெட்டி அப்படியே இருந்தது. கிளிமிபிரைடை நிறுத்துமாறு டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் மூலப்பெயரால், ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். வீட்டுப் பெட்டியில் இருந்த அட்டையிலோ நிறுவனப் பெயரே பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றென அவர் எவ்வாறு அறிவார்? "டாக்டர் ஊசி சேர்த்திருக்கிறார்" என்று எண்ணி, ஊசியையும் போட்டு மாத்திரையையும் தவறாமல் உண்டிருக்கிறார். மூன்றாவது, ஒரு மாதம் என்னும் தவணை மிக நீண்டது.

அவர் எதையும் மீறவில்லை. சொன்னதைச் செய்தார். சொல்ல வேண்டியதை நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் பிரிவில் மூன்று வழக்கங்களைக் கொண்டுவந்தோம். வீட்டிலிருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, நிறுத்த வேண்டியவற்றின் அட்டையில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இடுகிறோம். மருந்துப் பட்டியலைத் தமிழில் எழுதி, நோயாளியையோ ஊசி போடப்போகும் உறவினரையோ திருப்பிச் சொல்லச் செய்கிறோம். இன்சுலினோடு செல்பவரை ஒரு மாதம் அன்றி, ஒரு வாரத்தில் வரச் சொல்கிறோம்.

ஸ்டீராய்டு உண்பவர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காலையில் உண்ணும் பிரெட்னிசலோன் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை ஏற்றும், விடியற்காலையில் அதன் வேகம் குறைந்திருக்கும். ஸ்டீராய்டு குறைக்கப்படும் ஒவ்வொரு முறையும் இன்சுலினும் குறைக்கப்பட வேண்டும். ஒன்றைக் குறைத்து மற்றொன்றை மறந்தால் ஆபத்து.

நாற்பதும் நூறும்

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட், பேனாவில் ஒரு மில்லியில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. இவை மாறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்னும் கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்கவே இறங்காது. மாறாக, 100 யூனிட் மருந்திலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது 50 யூனிட். இரண்டரை மடங்கு! பேனாவின் மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது எந்நாளும் கூடாது என்பது இதனால்தான். மருந்துக் கடையில் வாங்கும்போது குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது. திறக்காத குப்பியைப் பெட்டியின் கீழ்த்தட்டில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் நீர் புகாதவாறு ஒரு டப்பாவில் இட்டு வைப்பது நல்ல வழி. கலங்கலான கலவை இன்சுலினைக் குலுக்காமல், இரு உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறையேனும் மெல்ல உருட்டி, சீராகக் கலந்த பின் எடுங்கள். ஊசி போடும் இடத்தை நாள்தோறும் சற்றே மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கட்டி தடித்து, மருந்து ஏறுவது ஒழுங்கற்றுப் போகும். பயன்படுத்திய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையையும் நாம் நினைக்க வேண்டும்.

வீட்டில் முதல் இரண்டு வாரங்கள்

இக்காலமே மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். இன்சுலின் போடுபவர் காலையில் வெறும் வயிற்றிலும், இரவு உணவுக்கு முன்பும், இயன்றால் மற்ற வேளைகளிலும் சோதித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். முதல் வாரத்தில் ஓரிரு நாள் அதிகாலை 3 மணிக்கும் சோதிப்பது நன்று. வெறும் வயிற்றில் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180-க்குள் என்பது பெரும்பாலோர்க்கு இலக்கு. முதியவர்க்கும் சிறுநீரகம், இதயம் தளர்ந்தவர்க்கும் இன்னும் தளர்வான இலக்கே பாதுகாப்பானது.

காலை அளவு 100-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், அதைக் கண்டு மகிழ்ந்து காத்திருக்க வேண்டாம். எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். இன்சுலினைக் குறைக்க வேண்டிய நேரம் அது. ஒரு முறை 70-க்குக் கீழே இறங்கினாலும் அன்றே சொல்லுங்கள்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் வீட்டுக்கே மாத்திரை பெறுபவர்கள், புதிய பட்டியலைச் சுகாதாரப் பணியாளரிடம் தவறாமல் காட்டுங்கள். 2021 முதல் நடைபெறும் அத்திட்டம் பலருக்கும் பேருதவியாக இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் மருந்து மாறியது தெரிந்தால்தான் அவர்கள் பழைய மாத்திரையை நிறுத்த முடியும்.

காய்ச்சலோ வாந்தியோ பேதியோ வந்தால், உண்ண முடியவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களே முழுதாக நிறுத்தாதீர்கள். நான்கு மணிக்கு ஒருமுறை சோதித்து, நீர் அருந்தி, எங்களைக் கேளுங்கள். மெட்ஃபார்மினையும் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகளையும் அந்நாள்களில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள் இவை: சர்க்கரை தொடர்ந்து 300-க்கு மேல் நிற்றல், நிற்காத வாந்தி, ஆழ்ந்து விரைந்து மூச்சு வாங்குதல், வயிற்றுவலியோடு மிகுந்த சோர்வு, குழப்பம் அல்லது உறக்க மயக்கம், காலில் புதிய புண் அல்லது நிறமாற்றம், கிளிமிபிரைடு வகை மாத்திரை உண்பவர்க்குத் தாழ்சர்க்கரை. கடைசி நிலையில் சர்க்கரை கொடுத்துத் தெளிந்துவிட்டாலும் வர வேண்டும். அது மீண்டும் இறங்கும்.

புறப்படுமுன் ஏழு கேள்விகள்

வீடு திரும்பும் நாளில் கணக்கைத் தீர்ப்பதும் வண்டி பிடிப்பதுமாக அனைவரும் விரைகின்றனர். அந்த விரைவில் இக்கேள்விகளைக் கேட்காமல் படியிறங்க வேண்டாம்.

1. என் பழைய மாத்திரைகளில் எவை தொடர வேண்டும், எவை நிற்க வேண்டும்?
2. இன்சுலின் எத்தனை யூனிட், உணவுக்கு எவ்வளவு நேரம் முன்பு?
3. என் மருந்து 40-ஆ, 100-ஆ? அதற்குரிய சிரிஞ்சு எது?
4. இந்த அளவு எத்தனை நாளைக்கு? யார், எப்போது குறைப்பார்?
5. எந்த எண்ணுக்குக் கீழே அல்லது மேலே போனால் அழைக்க வேண்டும்?
6. இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது?
7. மறுபடி வர வேண்டிய நாள் எது?

ஏழுக்கும் விடை கிடைத்த பின், அதை நீங்கள் உங்கள் சொற்களில் எங்களிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எங்கள் விளக்கத்தில் எங்கே குறை என்பதை அறிந்து, மறுபடி விளக்குவோம். அந்த விவசாயி இப்போதும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். இன்சுலின் நின்றுவிட்டது, இரண்டு மாத்திரைகளோடு நலமாக இருக்கிறார். ஒவ்வொரு முறையும் தம் மாத்திரைப் பையை மேசையில் கொட்டி, "எது நிற்கணும், எது தொடரணும், சொல்லுங்க" என்று கேட்ட பின்பே நாற்காலியில் அமர்கிறார். நீங்களும் அவ்வாறே கேட்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.